எருக்குழியில் கிடந்த சாணமும் சூடேறி மக்கிய உரமும்: தென்னந்தோப்புக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு; நான்கு கலப்பின மாடுகள், பதினைந்து ஆடுகள். ஆறு மாதம் எருக்குழியில் கிடந்த சாணத்தைத் தென்னைக்கு வைத்தால் கூடவே களையும் வெள்ளைப் புழுவும் வருகின்றன. நாமக்கல்லில் இருந்து ஒரு லோடு கோழி எரு வாங்கி அப்படியே போட்டதில் தக்காளி நாற்று கருகிவிட்டது. இரண்டையும் நொதிக்க வைத்து நல்ல உரமாக்க எந்த நுண்ணுயிரை வாங்க வேண்டும்?

கேள்வியின் கடைசிச் சொல்லில் இருந்தே தொடங்குகிறேன். நுண்ணுயிர்தான் இதில் கடைசிக் கவலை. சாணத்திலேயே அது கோடிக்கணக்கில் இருக்கிறது. அதற்கு வேண்டிய தண்ணீர், காற்று, தீனி மூன்றும் சரியான அளவில் அமைந்தால் எதையும் வாங்காமலே மூன்றாம் நாள் குவியல் கொதிக்கும். அமையாவிட்டால் எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் அசையாது.

'நொதித்தல்' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. இட்லி மாவு புளிப்பதும் சாண எரிவாயுக் கலனில் நடப்பதும் காற்று அதிகம் வேண்டாத நொதித்தல். எரு உரமாக்கும் ஆலைகளில் நொதித்தல் என்று சொல்வது பெரும்பாலும் காற்றோடு சூடேறி மக்குவதைத்தான். உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் மருந்து அந்தச் சூடுதான். எருக்குழிக்குள் காற்று போகாது, சூடும் ஏறாது. மாடு தின்ற தீவனத்தில் இருக்கும் களை விதை பலவும் குடலைத் தாண்டி உயிரோடு வெளியே வரும். குழியில் ஆறு மாதம் சுகமாக இருந்துவிட்டு, தோப்பில் ஈரம் கண்டதும் முளைக்கும்.

புழு விஷயத்தில் ஒரு திருத்தம். எருக்குழியில் சுருண்டு கிடக்கும் விரல் பருமன் புழு பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. அது தென்னை வேரைத் தின்னாது, மக்கும் எருவைத்தான் தின்னும். கெடுதல் செய்வது அது வளர்ந்து வண்டான பிறகு: குருத்தைக் குடைந்து, விரியும் ஓலையைக் கத்தரியால் வெட்டியதுபோல் ஆக்கும். முட்டை வண்டாக மாற ஏறத்தாழ ஆறு மாதம் பிடிக்கும். நீங்கள் எருவைக் குழியில் வைத்திருக்கும் காலமும் அதேதான். தோப்புக்கு நடுவில் வண்டுப் பண்ணை நடத்துவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

தக்காளி கருகியதற்குக் காரணம் வேறு. கோழிக்கு மூத்திரம் தனியாகப் பிரிவதில்லை. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலம். ஈரம் பட்டதும் அது அம்மோனியாவாக மாறி வேரைச் சுடும். போதாததற்கு உப்பும் அதிகம். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்ப்பதால் அந்த எரு காரத்தன்மையும் கொண்டது. காரம் ஏற ஏற அம்மோனியா வேகமாகப் பறக்கும். கருகாத வயலிலும், பச்சையாகப் போட்ட கோழி எருவின் தழைச்சத்தில் (நைட்ரஜனில்) பெரும் பங்கு காற்றோடு போயிருக்கும்.

இனி தீனிக் கணக்கு. நுண்ணுயிருக்குக் கரிமம் எரிபொருள், தழைச்சத்து உடம்பு. கலவையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கரிமம் இருந்தால் வேலை ஓடும். பச்சைச் சாணத்தில் இது ஏறத்தாழ 20–25, ஆட்டுப் புழுக்கையில் 15–20, கோழி எருவில் 7–10. வைக்கோல் 60–80, கரும்புச் சோகையும் தென்னை நார்க்கழிவும் 100க்கு மேல். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பச்சைச் சாணத்தோடு எதையும் சேர்க்க வேண்டாம்போலத் தோன்றும். ஆனால் அதில் 80 சதவீதம் தண்ணீர். குவியலுக்கு வேண்டியது 50 முதல் 60 சதவீதம்தான். தண்ணீரைக் குறைக்கக் காய்ந்த சருகைக் கொட்டினால் ஈரம் சரியாகும். அதே நேரம் கரிமம் ஏறித் தழைச்சத்து குறைந்துபோகும். வெறும் சாணமும் வைக்கோலும் வைத்துக் கூட்டிய குவியல் பலருக்கும் சோம்பிக் கிடப்பது இதனால்தான். அந்தக் குறையை நிரப்பச் சரியான ஆள் கோழி எரு. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்த கலவை இது: பச்சைச் சாணம் 1,000 கிலோ, பாதி காய்ந்த முட்டைக்கோழி எரு 200 கிலோ, நறுக்கிய காய்ந்த தாவரக் கழிவு 400 கிலோ. மொத்தம் 1,600 கிலோ. கரிமம்–தழைச்சத்து விகிதம் ஏறத்தாழ 27, ஈரம் 58 சதவீதம் வரும். நான்கு கலப்பின மாடுகளின் சாணம் பதினைந்து நாளில் ஒரு டன் தேறும். அதுவரை அதை நிழலில் சேர்த்து வையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவிய சாணக் கரைசலை இதோடு கலக்காதீர்கள், அதை நேராகத் தீவனப் புல்லுக்கு விடுங்கள். ஆட்டுப் புழுக்கை இருந்தால் கோழி எருவுக்குப் பதிலாக 300 கிலோ வரை சேர்க்கலாம். ஆனால் காய்ந்த புழுக்கையின் மேல்தோல் கெட்டியானது, குவியலில் போட்டால் மாத்திரைபோல அப்படியே கிடக்கும். முதல் நாள் இரவே நீர் தெளித்து ஊறவைத்து, மண்வெட்டியின் பின்பக்கத்தால் நசுக்கிக் கலக்க வேண்டும்.

மாட்டின் மூத்திரத்தை மறந்துவிடாதீர்கள். மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியும் சாம்பல்சத்தில் (பொட்டாசியத்தில்) பெரும்பகுதியும் அதில்தான் போகின்றன. கட்டுத்தறியில் மாட்டுக்கு மூன்று நான்கு கிலோ சருகோ நறுக்கிய சோளத்தட்டோ பரப்பி, மறுநாள் சொதசொதவென்று ஊறியதை அள்ளிச் சேர்த்தால், 400 கிலோ தாவரக் கழிவில் பாதி ஏற்கெனவே உரமூட்டப்பட்டே வந்துவிடும்.

தாவரக் கழிவு எதுவாக இருக்கலாம்? மக்காச்சோளத் தட்டை, வைக்கோல், நிலக்கடலைக் கொடி, தூளாக்கும் இயந்திரத்தில் விட்ட தென்னை மட்டை, ஓலை. 5 முதல் 10 சென்டிமீட்டர் துண்டு போதும். மாவாக அரைத்தால் காற்றுச் சந்து அடைபடும், முழுசாகப் போட்டால் அடுத்த ஆண்டும் அப்படியே கிடக்கும். தென்னை நார்க்கழிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பக்கம் அதுதான் மலிவு. ஈரத்தை உறிஞ்சுவதிலும் அம்மோனியாவைப் பிடித்து வைப்பதிலும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் கரிமத்தில் பெரும்பகுதி லிக்னின் என்ற, எளிதில் மக்காத கெட்டிப் பொருளில் அடைபட்டிருக்கிறது. கணக்கில் வரும், நுண்ணுயிரின் வாய்க்கு வராது. 400 கிலோவையும் நார்க்கழிவாகவே போட்டால் விகிதம் காகிதத்தில் அழகாக இருக்கும், குவியல் சூடேறாது, கோழி எருவின் தழைச்சத்து பறக்கும். கால் பங்குக்கு மேல் வேண்டாம். புதிதாக ஆலையில் இருந்து வந்ததில் உப்பும் இருக்கும். ஒரு மழையில் நனைந்து வடிந்ததாகப் பார்த்து எடுங்கள்.

இடம் சற்று மேடாக, மரநிழலில் இருக்கட்டும். கிணற்றை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். குழி வேண்டாம். தரையில் கெட்டியான தட்டைகளையும் மட்டைத் துண்டுகளையும் 15–20 சென்டிமீட்டர் பரப்புங்கள். காற்று அடியில் இருந்து ஏறுவதற்கான பாதை அது. அதன்மேல் கலவையை அடுக்கடுக்காகப் போடலாம். ஆனால் அடுக்கடுக்காகவே விட்டுவிட்டால் சாண அடுக்கு கட்டியாகி மூச்சடைக்கும். பக்கத்தில் கொட்டிக் கிளறி, கலந்ததை அள்ளி ஏற்றுவதே நல்லது. அகலம் ஒன்றரை மீட்டர், உயரம் 1.2 மீட்டர், இந்த 1,600 கிலோவுக்கு நீளம் மூன்று மீட்டர் சுமாராக வரும். ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியல் சூட்டைப் பிடித்து வைக்காது. ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றினால் அடிப்பகுதி அமுங்கிக் காற்றிழக்கும். ஏற்றும்போது மிதிக்கக் கூடாது. மேலே ஒரு கை உயரத்துக்கு வைக்கோலோ பழைய மக்கிய உரமோ போர்த்துங்கள். ஈயும் வராது, மேல்பரப்பு காயவும் செய்யாது.

ஈரம் பார்க்கக் கருவி வேண்டாம். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் மினுங்கி, இரண்டொரு சொட்டு வந்தும் வராமலும் இருந்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

நுண்ணுயிர் விஷயத்துக்கு வருகிறேன். முன்பு மக்கிய உரம் 50 கிலோவைக் கலவையில் தூவினால் போதும், அதுவே உறைமோர். அது இல்லையென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற நுண்ணுயிர்க் கலவையை டன்னுக்கு 2 கிலோ, 20 லிட்டர் நீரில் கரைத்துத் தெளிக்கலாம். காசியாபாத்தில் உள்ள தேசிய இயற்கை வேளாண் மையம் வெளியிட்ட வேஸ்ட் டீகம்போசரும் ஆகும்: 200 லிட்டர் நீரில் 2 கிலோ வெல்லம் கரைத்து, ஒரு பாட்டிலைக் கலந்து, நாளுக்கு இருமுறை கலக்கி ஐந்தாறு நாள் வைத்தால் கரைசல் தயார். குவியலுக்கு எப்படியும் நீர் தெளிக்கத்தான் போகிறீர்கள். அதற்குப் பதில் இதைத் தெளிக்கலாம். சாணம் கலந்த குவியலில் இவற்றால் சில நாள் மிச்சமாகலாம், அவ்வளவே. கோழி எருவும் நார்க்கழிவும் மட்டும் வைத்து மக்கவைப்பவருக்குத்தான் இது உண்மையில் உதவும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போன்ற, பயிருக்கு உதவும் நுண்ணுயிர்ப் பாக்கெட்டுகளைத் தொடக்கத்திலேயே கொட்டுவது வீண்செலவு. 60 டிகிரியில் அவை தாங்காது. அவற்றின் முறை கடைசியில் வரும்.

சூட்டின் போக்கு இப்படி இருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் உட்பகுதி 55 டிகிரியைத் தாண்டும். நீண்ட தண்டுள்ள வெப்பமானி வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் கடப்பாரையை நடுவில் குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவி, நுனியைப் பிடித்துப் பாருங்கள். கை வைத்த உடனே எடுக்கத் தோன்றினால் 55–60க்கு மேல். சுகமான வெந்நீர்போல இருந்தால் 40–45. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கழிவுநீர்க் கசடைப் புரட்டி மக்கவைப்பதற்கு வைத்திருக்கும் அளவு, 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து புரட்டல். நோய்க்கிருமி, புழு முட்டை, களை விதை மூன்றுக்கும் அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளலாம். புரட்டல் எண்ணிக்கை ஏன் முக்கியமென்றால், சூடு குவியலின் வயிற்றில்தான். ஓரத்தில் கிடக்கும் விதைக்கும் புழுவுக்கும் அது உறைப்பதில்லை. புரட்டும்போது வெளிப்பகுதியை உள்ளேயும் உட்பகுதியை வெளியேயும் போட வேண்டும். இடத்தை மட்டும் மாற்றிக் கொட்டுவதைப் புரட்டல் என்று கூலியாள் சொல்வார். நின்று பார்க்க வேண்டிய வேலை இது.

முதல் புரட்டல் ஐந்தாம் நாள். பிறகு 8, 11, 14, 18ஆம் நாள்களில். அதற்குப் பின் வாரம் ஒருமுறை, இரண்டு முறை. நாள்கணக்கைவிடச் சூடு சொல்வதைக் கேளுங்கள்: 65ஐத் தாண்டினால் உடனே புரட்டுங்கள். 70க்குப் போனால் நல்ல நுண்ணுயிரும் செத்து, அம்மோனியாவும் பறந்து, உள்ளே சாம்பல்போல வெந்துவிடும். 45க்குக் கீழே இறங்கினாலும் புரட்டுங்கள். ஒவ்வொரு முறையும் பிடித்துப் பார்த்து நீர் தெளியுங்கள். உடுமலைக் காற்றுக்கு முதல் மூன்று புரட்டலில் கணிசமாகத் தண்ணீர் கேட்கும். மழை வந்தால் தார்ப்பாய். ஆனால் தார்ப்பாயை மேலே அப்படியே ஒட்டப் போர்த்தாமல் நாலு கம்பு நட்டுக் கூரைபோலக் கட்டுங்கள்.

கெடுவது எப்படியென்றும் பார்த்துவிடுவோம், அங்கேதான் பலரும் கைவிடுகிறார்கள்.

நாலு நாளாகியும் சூடே இல்லையென்றால் முதலில் பிழிந்து பாருங்கள். உதிர்ந்தால் தண்ணீர். ஒழுகினால் பிரித்துக் காய்ந்த தட்டை சேர்த்து மறுபடி கூட்டுங்கள். ஈரம் சரியாக இருந்தும் குளிர்ந்து கிடந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறை: சாணம் ஏற்கெனவே மாதக்கணக்கில் கிடந்து சத்திழந்ததாக இருக்கும், அல்லது நார்க்கழிவு அதிகம். இன்னும் 50–100 கிலோ கோழி எரு, அல்லது கிளைரிசிடியா போன்ற பச்சைத்தழை நான்கைந்து சுமை சேர்த்துப் புரட்டினால் இரண்டு நாளில் எழும்.

கண் எரியும் அளவுக்கு நெடி வந்தால் அது அம்மோனியா. கோழி எரு கூடுதல், அல்லது காரம் அதிகம். நறுக்கிய வைக்கோலும் கொஞ்சம் நார்க்கழிவும் கலந்து, மேல் போர்வையைத் தடிப்பாக்குங்கள். சாம்பலையும் சுண்ணாம்பையும் போடவே போடாதீர்கள். நாற்றம் போகும் என்று யாராவது சொல்வார்கள். போவது நாற்றமல்ல, உங்கள் தழைச்சத்து. சூப்பர் பாஸ்பேட் டன்னுக்கு 20 கிலோ கலந்தால் அம்மோனியா கட்டுப்படும், மணிச்சத்தும் (பாஸ்பரஸும்) ஏறும். இயற்கை வேளாண் சான்று வைத்திருப்பவர் அதைத் தொட முடியாது. அவருக்கு ஜிப்சம் உண்டு, அதே அளவில்.

அழுகிய முட்டை நாற்றம் வேறு வியாதி. அது காற்றில்லாமல் புளிக்கும் குவியல். நீர் அதிகம், அல்லது அடியில் தட்டைப் படுக்கை போடவில்லை. பிரித்துப் போட்டு அரை நாள் ஆறவிட்டு மறுபடி கூட்டுவதைத் தவிர வழியில்லை. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது ஆக்டினோமைசீட்ஸ் என்ற மக்கவைக்கும் நுண்ணுயிர், வேலை நடப்பதன் அடையாளம். ஆனால் கை வைத்தால் பொடியாக, வறண்டு இருந்தால் உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். மேலே தெளித்தால் உள்ளே போகாது, புரட்டித்தான் நனைக்க வேண்டும்.

ஐந்தாறு வாரத்தில் புரட்டினாலும் சூடு எழாத நிலை வரும். உரம் தயார் என்று இங்கே அள்ளிவிடுகிறவர்கள் பலர். இன்னும் 30–45 நாள் அது ஈரத்தோடு, நிழலில் சும்மா கிடந்து ஆற வேண்டும். காண்டாமிருக வண்டு தேடி வருவது இந்தக் கட்டத்தில்தான். சூடு தணிந்த, மெத்தென்ற எரு அதற்குப் பிரசவ அறை. நைலான் வலையால் தரையோடு சேர்த்து மூடி ஓரத்தில் கல் வையுங்கள். மெட்டாரைசியம் பூஞ்சையை நீரில் கலந்து குவியலில் தெளிக்கலாம். வண்டின் புழுவைப் பிடித்துப் பச்சைப் பூசணம் பூத்துச் சாகடிக்கும். பழைய எருக்குழி இன்னும் பக்கத்தில் இருந்தால் இதெல்லாம் வீண். முதலில் அதைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, மிச்ச எருவைப் புதுக் குவியலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முடியுங்கள்.

ஆறியதா என்று எப்படி அறிவது? ஈரமான உரத்தைப் பாலித்தீன் பையில் நிரப்பி இறுகக் கட்டி மூன்று நாள் வெயில்படாமல் வையுங்கள். திறந்ததும் புதுமழை மண் வாசம் வந்தால் சரி. புளிப்போ நெடியோ அடித்தால் பொறுங்கள். இன்னொன்று: ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு நீரில் ஊறவைத்து வடித்து, அந்நீரில் நனைத்த துணியில் 20 பாசிப்பயறும், வெறும் நீரில் நனைத்த துணியில் 20 பயறும் முளைக்கப் போடுங்கள். வேர் நீளத்தில் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. உரநீரில் வேர் நுனி பழுப்பேறிக் குட்டையாக இருந்தால் தக்காளிக்கு நேர்ந்தது மறுபடியும் நேரும். விற்கிற எண்ணம் இருந்தால் ஆய்வகத்தில் பார்ப்பது நல்லது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி கரிமம்–தழைச்சத்து விகிதம் 20க்குக் கீழும் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும். கோழி எரு கூடிய உரம் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான்.

1,600 கிலோ ஏற்றிய குவியல் 550 முதல் 650 கிலோ உரமாக இறங்கும். திருட்டுப் போகவில்லை, நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் போனது. அதில் தழைச்சத்து ஏழெட்டு கிலோதான் இருக்கும், அதாவது யூரியா மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு சுமார். முதல் ஆண்டில் பயிருக்குக் கிடைப்பது அதிலும் கால் பங்கு போல. எனவே யூரியாவுக்கு மாற்று என்று இதை எடைக்கு எடை நிறுத்துப் பார்த்தால் ஏமாற்றமே வரும். மண்ணின் நீர்ப்பிடிப்புக்கும் நுண்ணுயிருக்கும் பல ஆண்டுக் கணக்கில் போடுவது இது.

டிரைக்கோடெர்மா வகையறாவை இப்போது சேர்க்கலாம். 50 கிலோ ஆறிய உரத்தில் 2.5 கிலோ கலந்து, நீர் தெளித்து ஈரச் சாக்கால் மூடி, பதினைந்து நாள் நிழலில் வைத்தால் ஒரு ஹெக்டேருக்கு ஆகும்.

தென்னைக்கு மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. இந்த உரம் அடர்த்தியானது என்பதால் 25 கிலோ வையுங்கள். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குப் பாத்தி எடுத்து, அடிமரத்தை விட்டுத் தள்ளிப் பரப்பி, அன்றே மண்ணால் மூடி நீர் விட வேண்டும். ஒரு குவியல் இருபது, இருபத்தைந்து மரத்துக்கு வரும். ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் மூன்று குவியல். பங்குனி தொடக்கத்தில் முதல் குவியலைக் கூட்டினால் தென்மேற்குப் பருவமழையோடு ஆனியில் வைத்துவிடலாம். தக்காளிக்கு நடவுக்குப் பத்து நாள் முன்பே, கடைசி உழவில் ஏக்கருக்கு இரண்டு டன் போட்டுக் கலந்துவிடுங்கள். நாற்றின் குழியில் கைப்பிடி கைப்பிடியாகப் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஆறிய உரத்திலும் உப்பு உண்டு, இளவேர் அதைத்தான் முதலில் தொடும்.